பழைய புடவைக்கு ஒரு பாத்திரம்

தில்லியின் வாக்ரி பெண்கள் வீட்டு பீரோக்களில் இருந்து வாங்கி வரும் துணி, பேண்ட்டாகவும் பாவாடையாகவும் மறுபடி ஊர் சுற்றுகிறது. எது உடுத்தத் தேறும், எது தேறாது என்று பிரித்துச் சொல்லும் அவர்களது பிழைப்புதான் இப்போது கேள்விக்குறி.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மேற்கு தில்லியின் ரகுபீர் நகரில் உள்ள கோடா மண்டிக்குள் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. கோடா என்றால் குதிரை. பெயரில்தான் குதிரை, மைதானம் முழுக்கத் துணி. மூட்டையை அவிழ்த்துப் பரப்பிவிட்டு அதன் பின்னால் சம்மணமிட்டு உட்காருகிறார்கள் பெண்கள். வாங்க வருபவர்கள் டார்ச் அடித்து ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பார்க்கிறார்கள், இழுத்துப் பார்க்கிறார்கள், விரலால் தேய்த்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பேண்ட் மட்டும் வேண்டும். இன்னொருவருக்குப் பட்டுப் புடவை. மூன்றாமவருக்குக் கிழிந்த பனியனும் பருத்தி வேட்டியும் போதும். அவர் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் துடைக்கும் துணி வெட்டித் தருபவர். வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலான மூட்டைகள் கை மாறிவிடும். கிடைத்த காசில் எவர்சில்வர் பாத்திரங்களை வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு பெண்கள் பஸ் ஏறுகிறார்கள்.

அடுத்த சில மணி நேரத்தில் அவர்கள் நகரத்தின் வேறொரு மூலையில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

இந்த வியாபாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் டப்பாவும் தந்துவிட்டுப் போகிறவர்களை எந்த ஊர்த் தெருவிலும் பார்த்திருக்கலாம். அந்த மூட்டை தெருக்கோடி திரும்பிய பிறகு எங்கே போகிறது என்பது மட்டும் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவ்வளவு ஆர்வமும் இருப்பதில்லை. நம் உடம்பில் கிடந்த துணியை முன்பின் தெரியாத ஒருவர் உடுத்துவதைப் பற்றி யோசிக்க யாருக்கும் பிடிக்காது. தில்லியில் அந்த மூட்டை போகும் வழியை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தவர் பிரிட்டிஷ் மானுடவியலாளர் லூசி நோரிஸ். இந்தியப் பழந்துணிகளின் மறுவாழ்வு பற்றி அவர் எழுதிய நூல் 2010இல் வெளிவந்தது. வீட்டுப் பெண்கள் எதை வைத்துக்கொள்கிறார்கள், எதைக் கொடுக்கிறார்கள், கொடுத்தது என்னவாகிறது என்று பீரோவில் தொடங்கி ஏற்றுமதி வரை அந்த நூல் போகிறது.

வாசலில் நடப்பது சாதாரணப் பேரம் அல்ல. வீட்டுக்காரப் பெண் முதலில் எடுத்து வைப்பது நைந்த பனியன்கள், சாயம் போன பள்ளிச் சீருடை. கண் மட்டும் கூடையில் இருக்கும் மூடி போட்ட பெரிய டப்பா மேல். பாத்திரக்காரி அசைய மாட்டார். ஒரு புடவையாவது சேர்த்துக் கொடுங்கள் பெஹன்ஜி என்பார். உள்ளே போய் ஒரு நைலக்ஸ் புடவை வரும். அதைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். இது போதாது, ஒரு பேண்ட் இருந்தால் பாருங்கள் என்பார். இப்படியே அரை மணி நேரம் ஓடும். கூடையைத் தலையில் தூக்கிக் கிளம்புவது போலக் கிளம்பிப் படி வரை போய்த் திரும்புவதும் உண்டு. கடைசியில் இரண்டு பேருக்குமே தான் ஜெயித்த திருப்தி. வீட்டுக்காரருக்குக் காசு செலவில்லாமல் பாத்திரம் வந்தது. கணவரின் பழைய பேண்ட் போனது அவருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

அந்த அரை மணி நேரத்தில் பாத்திரக்காரியின் விரல்கள் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். புடவை எல்லா இடத்திலும் ஒரே சீராக நைவதில்லை. உட்காரும் இடமும் கால் மிதிபடும் கீழ்க்கரையும் முதலில் போகும். முந்தானையும், உள்மடிப்பில் சுருண்டு கிடக்கும் பாகமும் பல வருடம் புதிது போலவே இருக்கும். சுமார் ஐந்தரை மீட்டர்ப் புடவையில் தேறுவது எவ்வளவு, தேறாதது எவ்வளவு என்பது அவருக்குப் பிரித்த உடனே தெரிந்தாக வேண்டும். பட்டாக இருந்தால் கண் நேராக மடிப்புக்குப் போகும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, மேலே பளபளவென்று இருந்தாலும் மடிப்போரம் வெட்டினாற்போல் விட்டுவிடும். பேண்ட்டில் பார்ப்பது முழங்கால், பின்பக்கம், ஜிப். சட்டையில் காலர், அக்குள். பட்டா, செயற்கை இழையா என்று சந்தேகம் வந்தால் ஜவுளிக்காரர்களின் பழைய சோதனை இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து பொடியாகும்; பாலியெஸ்டர் உருகி மணி போலத் திரளும். வாசலில் தீக்குச்சி கிழிக்க முடியாதே. விரல்தான் கருவி. கணிப்பு தவறினால் நஷ்டம் மறுநாள் விடியற்காலையிலேயே தெரிந்துவிடும், கோடா மண்டியில்.

பழந்துணியை உடையாக்குவது என்றாலே கத்திரியும் தையல் மெஷினும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வேலை பிறகு வருவது. வாசலில் கழிக்கப்படாத துணி தையல்காரர் கைக்குப் போனாலும் பயனில்லை.

வாக்ரிகள் குஜராத்திலிருந்து வந்தவர்கள். அங்கே இப்போது தேவிபூஜக் என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு. வாக்ரி என்ற சொல் தமிழர் காதில் பட்டிருக்கலாம். தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் பேசும் மொழிக்கு வாக்ரிபோலி என்றுதான் பெயர், அதுவும் குஜராத்திக்கு உறவான மொழியே. தில்லி, மும்பை, அகமதாபாத் என்று பெரிய நகரங்களில் பழந்துணி வியாபாரம் பெரிதும் வாக்ரிகளின் கையில் இருந்து வந்திருக்கிறது. தெருத்தெருவாகச் சுற்றுவதற்கு இந்தியில் பேரி என்று பெயர். பெண்கள் பேரி போவார்கள்; வந்த துணியைத் துவைப்பது, வெட்டுவது, சந்தையில் உட்கார்ந்து விற்பது என்று வீடு முழுக்கப் பங்கு. போலீஸ்காரர்களும் நகராட்சிக்காரர்களும் இவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. மூட்டையோடு நடப்பவர்கள் மேல் எப்போதும் விழும் பார்வை அது.

ஆனால் இந்தப் பெண்களுக்கு இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு, அகமதாபாத். காந்தி காலத்திய ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் இளா பட். துணி மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் முதலில் அவரைத் தேடி வந்தார்கள். தங்களுக்குக் கிடைக்கும் அற்பக் கூலியைச் சொன்னார்கள். அவர் அதை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் மறுத்து, தாங்கள் நியாயமான கூலி தருவதாகப் பதில் எழுதினார்கள். வியாபாரிகள் எழுதிய அதே தொகையை அட்டைகளில் அச்சடித்து மகளிர் பிரிவு சுமை தூக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டது. கூலி கேட்கும்போது அதைக் காட்டினால் போதும். செய்தி பரவியதும் அடுத்து வந்து நின்றவர்கள் பழந்துணி விற்கும் பெண்கள். அவர்களுக்காகக் கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். நமக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டால் என்ன என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார். 'சேவா' என்று இன்று உலகம் அறிந்த சுயதொழில் பெண்கள் சங்கம் பிறந்தது அங்கேதான்.

பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறைக்குக் குழப்பம். இவர்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்? எதிர்ப்பதற்கு ஆள் வேண்டும் என்பதில்லை, ஒன்றாக நிற்பதற்குத்தான் சங்கம் என்று வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு வாங்கினார்கள். வட்டிக்காரரிடம் சிக்கித் தவித்த உறுப்பினர்களுக்காக 1974இல் தனி வங்கி வந்தது. ஆளுக்கு 10 ரூபாய் என்று 4,000 பெண்கள் போட்ட பங்குப் பணம். வங்கி வேண்டும் என்று முதலில் கேட்டவர் சந்தாபென். அவரும் பழந்துணி வியாபாரி. ஏழைகள்தான், ஆனால் எண்ணிக்கையில் எத்தனை பேர் இருக்கிறோம் என்ற அவருடைய பதிலைத்தான் பிற்காலத்தில் இளா பட் தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். 2022 நவம்பரில் இளா பட் காலமானபோது வந்த அஞ்சலிகளில் சேவா வங்கி இடம்பெற்ற அளவுக்குப் பழந்துணி மூட்டை இடம்பெறவில்லை.

மூட்டை கை மாறிய பிறகு நடப்பதற்கு வருவோம்.

அதிக கிராக்கி பேண்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும்தான். மண்டியில் வாங்கியவர் அதைத் துவைத்து, விட்ட தையலைப் போட்டு, ஜிப் மாற்றுவார். முழங்கால் போயிருந்தால் அரைக்கால் சட்டையாகிவிடும். வெளுத்துப்போன கருப்புப் பேண்ட் மறுபடி கருப்புச் சாயத்தில் முங்கி எழும். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கினால் இரண்டடி தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குப் புதுசு. வாரச் சந்தைகளில் இதை வாங்குபவர்கள் கட்டட வேலைக்கும் ரிக்ஷா இழுக்கவும் நகரத்துக்கு வந்தவர்கள். புதுத் துணி வாங்கும் காசில் பாதிக்கும் குறைவில் உடுப்பு கிடைக்கிறது. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் நடக்கும் குஜரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் இதே காட்சிதான். சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்த காலம் நம் வீடுகளிலும் இருந்தது. அந்த வித்தையை வீடுகள் மறந்துவிட்டன, சந்தை மறக்கவில்லை.

இந்த ரிப்பேர் வேலையின் உச்சம் ரஃபூ. ஓட்டை விழுந்த இடத்தில் பாவும் ஊடையுமாக நூலை ஊசியாலேயே நெய்து, கிழிந்த இடமே தெரியாமல் செய்யும் கலை. உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் இதற்குப் பெயர்போன ஊர். காஷ்மீர் சால்வைகளைப் பரம்பரை பரம்பரையாகச் சீர்செய்யும் ரஃபூகர் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வேலை சரியாக முடிந்தால் வேலை செய்ததற்கான தடயமே இருக்காது. கலைஞருக்குப் பெயர் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

புடவையின் கதை இன்னும் சுவாரசியமானது. நல்ல நிலையில் இருப்பவை துவைத்து இஸ்திரியாகி மறுபடி புடவையாகவே சந்தைக்குப் போகின்றன. அசல் ஜரிகை என்றால் கதை வேறு. வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் என்பதால், துணியை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். காஞ்சிபுரப் புடவையின் ஆயுள் அத்தோடு முடிந்தது. ஜரிகை இல்லாத பட்டும், பட்டு மாதிரி மினுமினுக்கும் செயற்கைப் புடவைகளும் வண்ணவாரியாகப் பிரிந்து தையல் கூடங்களுக்குப் போகின்றன. அங்கே ஒரு புடவை மேல் இன்னொரு புடவையை வைத்து வெட்டுகிறார்கள். உள்ளே ஒரு வண்ணம், வெளியே ஒரு வண்ணம், இடுப்பில் சுற்றி நாடாவால் கட்டிக்கொள்ளும் பாவாடை. முந்தானை கீழ் விளிம்புக்கு வரும்படி வெட்டுவதில்தான் கட்டிங் மாஸ்டரின் சாமர்த்தியம். நைந்த இடம் கழிவில் போகும், அல்லது இடுப்புப் பட்டியின் உள்ளே மறையும். தில்லியின் பஹாட்கஞ்சிலும் ராஜஸ்தானின் புஷ்கரிலும் கோவாவிலும் வெளிநாட்டுப் பயணிகள் விரும்பி வாங்குவது இதைத்தான். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பது விற்பனைக்கு உதவுகிறது. அது யாரோ ஒருவர் வளைகாப்புக்குக் கட்டியதாக இருக்கலாம் என்பது வாங்குபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வங்காளத்துக் காந்தாவும் இதே வம்சம்தான், என்ன, வீட்டோடு நின்ற வம்சம். நைந்து மெத்தென்று ஆன புடவைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு அடுக்காக விரித்து, பழைய கரையில் இருந்தே உருவிய வண்ண நூலால் நெடுக ஓட்டுத் தையல் போடுவார்கள். குளிருக்குப் போர்வை. பிறந்த குழந்தையைச் சுற்றவும் அதுதான். பீகாரின் சுஜனியும் அப்படியே. பச்சிளம் குழந்தைக்குப் புதுத் துணி போடக் கூடாது, உடுத்திப் பழகிய துணிதான் உடம்புக்கு இதம் என்பது தமிழ்நாட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த சங்கதி. இன்று பழைய காந்தாப் போர்வைகளை வெட்டி மேல்சட்டை தைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கிறார்கள். தேவை கூடியதும் பழசு போதவில்லை. புதுத் துணியில் ஓட்டுத் தையல் போட்டு, பழசு போலத் தோன்றத் துவைத்து அனுப்புகிறவர்களும் வந்துவிட்டார்கள். கிழிசலுக்கே போலி!

குவியலும் கூடையும்

பேரம் பேசி வாங்கும் துணிக்கும் தானமாக வரும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்நாடு 2004 டிசம்பருக்குப் பிறகு கண்ணால் கண்டது. சுனாமி அடித்த கடலோரத்துக்கு நாடெங்கிலும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. வந்தவற்றில் பெரும்பகுதி மீனவக் குடும்பங்கள் உடுத்தவே முடியாதவை. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் அவை குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்தவர்களும் அதைத் தொட மறுத்தார்கள். கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. நடுவில் இது வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குவியலை எடுத்துத் தரம் பிரிக்க முன்வந்த அமைப்புகளில் ஒன்று தில்லியைச் சேர்ந்த கூஞ்ச். அன்ஷு குப்தா 1999இல் தன் வீட்டில் இருந்த 67 துணிகளோடு தொடங்கிய அமைப்பு அது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தானம் என்ற சொல்லையே அவர் விரும்புவதில்லை. கிராமத்தில் கிணறு வெட்டினால், சாலை போட்டால், அதற்குக் கூலியாகத் துணி என்பது கூஞ்ச் ஏற்படுத்திய முறை. வந்த துணியைப் பிரித்து, பட்டன் தைத்து, உள்நாடா கோத்து, அந்தந்த வட்டாரத்தில் உடுத்தும் உடையாகப் பார்த்து அனுப்புகிறார்கள். உடுத்தத் தேறாத பருத்தித் துணி துவைத்து உலர்த்தி வெட்டப்பட்டு மாதவிலக்குத் துணியாகிறது. சாம்பலும் சாக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்த பெண்கள் இருக்கும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. கூஞ்ச் கூடங்களில் நாள் முழுதும் நடப்பதும், கொஞ்சம் யோசித்தால், வாக்ரிப் பெண் வாசலில் செய்யும் அதே வேலைதான். எடு, பார், கழி.

கம்பளித் துணிக்கு இந்த மண்டி வழி இல்லை. அதற்கு வழி தில்லிக்கு வடக்கே சுமார் 90 கி.மீ. தூரத்தில் உள்ள பானிப்பட். வெளிநாடுகளில் கழித்த ஸ்வெட்டர்களும் கோட்டுகளும் குஜராத்தின் கண்ட்லா துறைமுகம் வழியாக வந்து அங்கே குவிகின்றன. அப்படியே எடுத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வரும்போதே வெட்டிக் கிழித்துத்தான் வர வேண்டும் என்பது சட்டம். பெண்கள் அரிவாள்மணையில் பட்டனையும் ஜிப்பையும் அறுத்து எடுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு சிவப்போடு சேர்ந்தால் மறுபடி சாயம் போட வேண்டாம். பிறகு மெஷின் அதைப் பிய்த்து இழையாக்கி, நூலாக நூற்று, கம்பளியும் சால்வையும் நெய்கிறது. 1813இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பெஞ்சமின் லா கண்டுபிடித்த வழிமுறை இது. வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாகக் கொடுக்கப்படும் கம்பளிகள் பானிப்பட் சரக்காக இருக்கும். இழைத் தூசி நிறைந்த கூடங்களில் வேலை செய்பவர்கள் மூச்சுக்குப் படும் பாடு இன்னொரு கதை. மேக்னா குப்தாவின் 'அன்ராவல்' என்ற 2012ஆம் ஆண்டுக் குறும்படத்தில் இந்தக் கூடத்துப் பெண்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்: இவ்வளவு நல்ல துணியை அந்த ஊரில் ஏன் தூக்கி எறிகிறார்கள்? அங்கே தண்ணீர் விலை அதிகமாக இருக்கும், துவைக்கக் கட்டுப்படியாகாமல் எறிகிறார்கள் என்பது அவர்களது ஊகம். பொருளாதார நிபுணர்களின் சில விளக்கங்களைவிட அது நியாயமாகத்தான் படுகிறது.

பானிப்பட்டுக்கும் இப்போது தலைவலி. பெட்ரோலியத்தில் இருந்து வரும் பாலியெஸ்டர் போர்வை லேசானது, மெத்தென்று இருக்கிறது, விலையும் மலிவு. பழங்கம்பளி நூற்ற ஆலைகள் பல அந்தப் பக்கம் தாவிவிட்டன.

பாட்டில் ஜாக்கெட்

மறுசுழற்சி உடை என்றதும் செய்திகளில் அடிபடுவது மேலே சொன்ன எதுவுமே அல்ல, தண்ணீர் பாட்டில்தான். 2015 உலகக் கோப்பைக்கு முன்பு இந்தியக் கிரிக்கெட் அணிக்கு நைக்கி நிறுவனம் தந்த உடைகள் பழைய பாட்டிலில் இருந்து எடுத்த இழையால் ஆனவை. ஒரு செட்டுக்குச் சராசரியாக 33 பாட்டில் என்று கணக்கு சொன்னார்கள். 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நரேந்திர மோடி அப்படியொரு நீல நிற மேல்கோட்டை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். இரண்டு நாள் முன்பு பெங்களூரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அவருக்குப் பரிசளித்தது. அதற்கான துணி கரூர் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸில் இருந்து போனது. பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கும் இதே துணியில் சீருடை என்றும், ஒரு சீருடைக்குச் சுமார் 28 பாட்டில் ஆகும் என்றும் இந்தியன் ஆயில் அறிவித்தது.

பாட்டிலின் லேபிளைக் கிழித்து, மூடியைப் பிரித்து, கழுவி, சில்லுகளாக அரைத்து, 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, சல்லடைக் கண் போன்ற துளைகள் வழியே இழையாக இழுத்தால் பாலியெஸ்டர் பஞ்சு. கரூர்க்காரர்கள் செய்து காட்டியது நல்ல காரியம்தான். கிணற்றிலும் கால்வாயிலும் மிதப்பதற்கு அது மேல். ஆனால் அந்தப் பாட்டிலைத் தெருவில் பொறுக்கிக் காயலான் கடைக்குச் சேர்த்த கை யாருடையது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்கலாம், அதைப் பிறகும் ஒருமுறை ஆக்கலாம். பருத்தியோடு கலந்து சட்டையாக்கிவிட்டால் அந்த இரண்டையும் மறுபடி பிரித்தெடுப்பது பெரும்பாடு. அந்தச் சட்டை வாக்ரிப் பெண்ணின் மூட்டைக்கு வரும்போது அதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் மூட்டையின் சுபாவமே மாறிவருகிறது. முழுப் பருத்தித் துணிக்குக் கடைசிப் புகலிடம் ஒன்று எப்போதும் உண்டு: எண்ணெய் துடைக்கும் துணி. பாலியெஸ்டர் பருத்தி அளவுக்கு உறிஞ்சாது, அதனால் அந்தக் கடைசி விலையும் இல்லை. மெல்லிய பின்னல் துணியில் தைத்த மலிவுவிலை டீ ஷர்ட் பத்துத் துவையலில் தொளதொளத்து விடுகிறது. ரிப்பேர் செய்யும் கூலிக்குப் புதுசே வாங்கிவிடலாம். ஒரு காலத்தில் மூட்டையின் மதிப்பைத் தூக்கிப் பிடித்தது புடவை. நகரத்துப் பெண்களின் அன்றாட உடுப்பு சல்வாராகவும் பேண்ட்டாகவும் ஆன பிறகு, ஐந்தரை மீட்டர் முழுத் துணியாகக் கிடைப்பது குறைகிறது. வெட்டித் தைத்த உடையை மறுபடி வெட்டித் தைக்க இடம் இருக்காது.

பாத்திரத்தின் கவர்ச்சியும் பழைய மாதிரி இல்லை. எவர்சில்வர் குண்டான் பெருமைக்குரிய பொருளாக இருந்த காலத்தில் அதற்காக நல்ல புடவையைக் கொடுத்தார்கள். இப்போது நடுத்தர வீட்டு அலமாரிகளில் வைக்க இடமில்லாத அளவுக்குப் பாத்திரம் நிறைந்து கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே கேட். தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழ எழ, கூடையோடு வரும் பெண் கூவினால் கேட்பதற்குத் தெருவில் ஆளில்லை. பத்தாவது மாடிக்குக் குரல் போகாது. வாசலில் காவலாளி, நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, யார் வீட்டுக்கு என்று சொன்னால்தான் உள்ளே. பழகிய வாடிக்கையாளர் யாராவது மேலே இருந்து சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கேட்.

தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நடந்து விற்பவர்களும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது சட்டம். பாத்திரக்காரி விஷயத்தில் அதிலும் ஒரு சிக்கல். அவர் காலையில் ஓரிடத்தில் விற்கிறார், பகலில் வேறு வேறு தெருக்களில் வாங்குகிறார். பகலில் அவர் கையில் காசே புரளுவதில்லை. கணக்கெடுக்க வருகிறவர் தேடுவது நடைபாதையில் ஒரு கடையை. இவருடைய கடை தலையில் இருக்கிறது. கோடா மண்டியில் உட்காரும்போது அவர் வியாபாரி. கூடையோடு காலனிக்குள் நுழையும்போது அவர் யார் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மாலையில் அவர் திரும்பும்போது கூடையில் மிஞ்சியிருப்பது நாலைந்து பாத்திரம். முதுகில் மூட்டை. வீட்டில் அதை அவிழ்த்துப் பேண்ட் தனியாக, புடவை தனியாக, பருத்தி தனியாகப் பிரித்துக் கட்டி வைக்க வேண்டும். பட்டன் அறுந்த சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டால் மண்டியில் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.